காயாத சந்தனம்

ஏழாம் அத்தியாயம்

நேற்றுத் தன் கையால் அடைத்த குழாய் இன்றைக்கு மறுபடி ஒழுகினால் எந்தத் தொழிலாளிக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். தனகோட்டிக்கு வெட்கம் வரவில்லை. பயம்தான் வந்தது.

புல்தரையின் ஓரத்தில், கனகாம்பரப் பாத்தியை ஒட்டி, ஒரு முறம் அகலத்துக்கு மண் நனைந்திருந்தது. சுற்றிலும் புல்லெல்லாம் வெயிலில் வதங்கிக் கிடக்க, அந்த ஓர் இடம் மட்டும் சொதசொதவென்று இருந்தது.

"சார், இங்க கொஞ்சம் வந்து பாருங்க," என்று குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டான். "பாத்துட்டு எனக்கு அவலூர்பேட்டைக்கு பஸ் சார்ஜ் குடுத்துடுங்க. சந்தையில மாட்டுக் கயிறு வித்துப் பொழச்சுக்கறேன்."

அவனுடைய எஜமானர், துப்பறிவாளர் வெங்கடரமணன் எழுந்து வந்தார். மதராசில் மடிப்புக் கலையாத கோட்டோடு திரிகிற மனுஷர், இங்கே எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையும் காதில் செருகிய பீடியுமாக இருந்தார். பீடி குடிக்கத் தெரியாது. ஆனாலும் வேஷம் என்று வந்துவிட்டால் அவர் அரைகுறையாக விடமாட்டார்.

வேஷம் போடச் சொன்னவர் பங்களாவின் சொந்தக்காரர் பாண்டுரங்கன். செஞ்சி பஜாரில் வேர்க்கடலை என்கிற மணிலாக்கொட்டை மண்டி, ஊருக்கு வெளியே எண்ணெய் மில், மில்லை ஒட்டியே இந்த பங்களா. ஒரு வாரமாக அவருடைய தம்பி கோவிந்தராஜைக் காணவில்லை. போலீசுக்குப் போனால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று வெங்கடரமணனை ரகசியமாக வரவழைத்திருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, குழாய் ரிப்பேர்க்காரர்களாக வாருங்கள் என்பது அவருடைய நிபந்தனை. அதற்கேற்றாற் போல் குழாயும் ஒழுகிக்கொண்டிருந்தது.

அது சாதாரணக் குழாய் இல்லை. பெங்களூரில் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டில் பார்த்ததைத் தன் வீட்டிலும் வைத்தே தீருவது என்று, பாண்டுரங்கன் புல்தரைக்கு அடியில் இரும்புக் குழாய் பதித்து, மேலே பித்தளை மூக்குகள் வைத்திருந்தார். மோட்டாரைப் போட்டால் மூக்குகள் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும். ஊர் ஜனம் அதற்குப் பன்னீர்க் குழாய் என்று பேர் வைத்து, மதில் மேல் எட்டி எட்டிப் பார்த்தது. குடிக்கத் தண்ணீர் இழுக்கவே கை ஓய்ந்துபோகிற ஊரில் புல்லுக்கு இந்த உபசாரம் நடந்தது.

நேற்று தனகோட்டி அந்த இடத்தைத் தோண்டினான். இரண்டு குழாய்கள் சேரும் மூட்டு தளர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. சணலைச் சுற்றி, வெள்ளை ஈயம் பூசி, இறுக்கி முறுக்கி, மோட்டார் போட்டுப் பார்த்து, ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். பக்கத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளை இருந்தது. அதற்குள்ளிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. பாம்புதான் என்று முடிவு கட்டி, அரைச் செங்கலை அதில் திணித்து, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு ஒரே தாவலாகத் தாவி வந்துவிட்டான்.

"மூட்டு மறுபடி விட்டிருக்கும்," என்றார் வெங்கடரமணன்.

"விட்டாலும் தண்ணி வேணுமே சார்? இன்னிக்கு ஆயுத பூஜை. மோட்டாருக்கு மாலை போட்டு உக்கார வெச்சிருக்காங்க. செஞ்சியில இன்னிக்கு எவனும் ஒரு திருப்புளியைக்கூடத் தொட மாட்டான். மேல் தொட்டியை நேத்து ராவே காலி பண்ணிக் கழுவிட்டாங்க. இப்பத்தான் தட்டிப் பாத்தேன், டங்குனு கேக்குது. குழாய்க்குள்ள காத்துதான் இருக்குது. அப்ப இந்தத் தண்ணி ஏது?"

"நீ என்ன நினைக்கிறே?"

"பேய்."

"பேய்க்குத் தண்ணி எதுக்குடா?"

"தாகத்துல செத்த பேயா இருந்தா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. வெங்கடரமணனும் சிரிக்கவில்லை. ஈரத்துக்குச் சற்றுத் தள்ளிக் கிடந்த எதையோ காலால் புரட்டினார்.

"நீ திணிச்ச செங்கல் இதுதானே?"

அதுதான். வளையின் வாய் திறந்து கிடந்தது.

"உள்ள இருந்து தள்ளியிருக்குது சார்!" தனகோட்டி இரண்டடி பின்னால் போனான். "நான் வெளிய இருந்துதான் திணிச்சேன். சத்தியமா வெளிய இருந்துதான்."

"பதறாதே. வா, தோட்டக் கொட்டகையைப் பார்க்கலாம். இன்னைக்கு மோட்டார் ஓடலைன்னா தண்ணியைக் கையால கொண்டுவந்திருக்கணும். கையால கொண்டுவந்தா ஒரு பாத்திரம் வேணும்."

கொட்டகையில் மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், பூவாளி எல்லாம் சுவரோரமாக வரிசையாக நின்றன. காலைப் பூஜையில் இட்ட சந்தனமும் குங்குமமும் ஒவ்வொன்றின் மேலும் இருந்தன. ஆளுக்கொரு செவ்வந்திப் பூ வேறு. வருஷம் பூராவும் மண்ணைத் தின்கிற மண்வெட்டி அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து நின்றது.

வெங்கடரமணன் மண்வெட்டியின் சந்தனத்தை விரலால் தொட்டார். காய்ந்து பொடியாக உதிர்ந்தது. கடப்பாரையிலும் அப்படியே. அரிவாளிலும் அப்படியே. பூவாளியைத் தொட்ட விரலை எடுத்துத் தனகோட்டியின் மூக்குக்கு நேரே நீட்டினார். விரல் நுனியில் சந்தனம் பசபசவென்று ஒட்டியிருந்தது.

"எல்லாம் காலையில வெச்சது. இது மட்டும் இப்ப வெச்சது."

"அப்ப எவனோ பூவாளியை எடுத்துத் தண்ணி ஊத்திட்டு..."

"எடுத்தவன் திருட்டுப் பயலா இருந்தா பொட்டு அழிஞ்சா அழிஞ்சுட்டுப் போகுதுன்னு வெச்சிட்டுப் போயிருப்பான். இந்த ஆளுக்கு மனசு கேக்கலை. பூஜையில வெச்ச சாமானைத் தொட்டுட்டோமேன்னு கழுவித் துடைச்சு, புதுசா சந்தனம் குழைச்சு, பொட்டு வெச்சு, பூவையும் சரிபண்ணி வெச்சிருக்கு. பக்தி இருக்கு. பக்தியை மீறின அவசரமும் இருக்கு." அவர் குனிந்து பார்த்தார். "மத்ததெல்லாம் கட்டை விரலால அப்பினது. தோட்டக்காரன் பொன்னுசாமி வெச்சிருப்பான். இது மோதிர விரலால வெச்ச பொட்டு. எவ்வளவு வட்டமா இருக்கு பார்."

"பொம்பளை கை," என்றான் தனகோட்டி. "இந்த வீட்டுல பொம்பளைன்னா ஒருத்தங்கதானே சார்?"

கோவிந்தராஜின் மனைவி நீலாவதி. கேட்டைத் தாண்டக் கூடாது என்று மூத்தார் பாண்டுரங்கன் போட்ட உத்தரவில், வீட்டுக்கும் கனகாம்பரப் பாத்திக்குமாக நடமாடுகிறவள். நேற்று அவன் தோண்டும்போது, "அந்தக் குழாய் ஒழுகினா ஒழுகட்டுமே, விட்டுடுங்க," என்று இரண்டு தடவை வந்து சொன்னாள். புருஷனைக் காணாத துக்கத்தில் பேசுகிறாள் என்று தனகோட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பிப் புல்தரைக்கு வந்தார்கள். "வளையில காதை வெச்சுக் கேளு," என்றார் வெங்கடரமணன்.

"நானா? உங்க காது படிச்ச காது சார்."

"உன் காது பெரிய காது. படு."

தனகோட்டி குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஈர மண்ணில் படுத்தான். முதலில் தன் நெஞ்சு அடித்துக்கொள்கிறதுதான் கேட்டது. பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து, வறண்ட தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"நீலா... இன்னும் கொஞ்சம் தண்ணி..."

அலறியிருப்பான். வாய் திறந்தது, சத்தம்தான் வரவில்லை. நேற்று செங்கலைத் திணித்தபோது கேட்ட 'ஸ்ஸ்' பாம்பில்லை. ஒரு மனுஷன் கூப்பிட்டிருக்கிறான். அவன் வாயில்தான் செங்கலை வைத்து அடைத்துவிட்டு, நல்ல வேலை செய்தோம் என்று ராத்திரி இரண்டு தோசை அதிகமாகத் தின்றிருக்கிறான். அவனுக்கு அழுகை வந்தது.

"அந்த இடத்தை விட்டு எழுந்திருங்க."

இருவரும் திரும்பினார்கள். நீலாவதி நின்றிருந்தாள். கொட்டகையிலிருந்த அரிவாள் அவள் கையில் இருந்தது. காலைச் சந்தனப் பொட்டு அதில் அப்படியே இருந்தது.

"அம்மா, அதைக் கீழ போடுங்க," என்றார் வெங்கடரமணன் மெதுவாக. "நாங்க குழாய்க்காரங்க இல்லை. உங்க வீட்டுக்காரரைத் தேடி வந்த துப்பறியறவங்க."

இதைக் கேட்டு அவள் ஆறுதல் அடைவாள் என்று தனகோட்டி நினைத்தான். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"யாரு வரச் சொன்னாங்க? அவரு அண்ணன்தானே?"

"ஆமா."

"அப்பக் கண்டுபிடிச்சிட்டீங்க. போய்ச் சொல்லுங்க." அவள் அரிவாளை இறுகப் பிடித்துக்கொண்டாள். "முடிக்காம விட்ட வேலையை வந்து முடிக்கட்டும்."

பிறகு அவள் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். மில்லில் கடலை எண்ணெயோடு பிரம்மதண்டு விதை எண்ணெயைக் கலந்து விற்றார் பாண்டுரங்கன். வாங்கிச் சாப்பிட்ட ஜனத்துக்குக் கால் வீங்கிற்று. கலெக்டரிடம் சொல்லிவிடுவேன் என்று தம்பி எதிர்த்து நின்றான். அன்றைக்கே மில்லில் பின்னாலிருந்து மண்டையில் அடி விழுந்தது. ரத்தம் கண்ணை மறைக்க ஓடிவந்தவன், பங்களாவின் பழைய குதிரை லாயத்தில் ஒளியப் போய், கோட்டைக் காலத்து நெல் நிலவறைக்குள் விழுந்தான். கால் முறிந்துவிட்டது. மறுநாள் லாயத்தில் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். நிலவறையின் வாய் அதற்கடியில் போயிற்று. பூப்பறிக்கப் போன நீலாவதிக்கு, நிலவறையின் காற்றுத் துளையான இந்த வளை வழியாக முனகல் கேட்டிருக்கிறது.

"இலையில சுருட்டி சோறு போட்டுட்டு இருந்தேன். தண்ணிக்கு அந்தக் குழாய் சொட்டிக்கிட்டு இருந்துது, அது ஓடி உள்ள எறங்கும். நீங்க வந்து அடைச்சிட்டீங்க. இன்னிக்கு நான்தான் செங்கலைப் பிடுங்கிப் போட்டுட்டுப் பூவாளியால ஊத்தினேன்."

தனகோட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"வெளியில யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே அம்மா?" என்றார் வெங்கடரமணன்.

"யாரைக் கூப்பிடறது? இங்க எல்லாரும் அவரு சோத்தைத் தின்றவங்க. ஜனம் வர்றதுக்கு முன்ன இந்த ஓட்டையில ரெண்டு கூடை மண்ணு போட்டா போதும். வந்து பாத்தாலும் புல்லுதான் இருக்கும்."

வெங்கடரமணன் காதிலிருந்த பீடியை எடுத்து வீசினார். அவர் முகம் கறுத்திருந்தது. "வேட்டைக்காரனுக்கு மோப்பம் பிடிச்சுக் குடுக்கத்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்கான், தனகோட்டி," என்றார். "அம்மா, நீங்க அரிவாளை இருந்த இடத்துல வெச்சிட்டு உள்ளே போங்க. நான் மில்லுக்குப் போய்ட்டு வரேன்."

"நான்?" என்றான் தனகோட்டி.

"நீ இந்த ஓட்டை மேலே உக்காரு. யார் வந்தாலும் எழுந்திருக்காதே."

"சார், நீங்க உக்காருங்க, நான் ஓடறேன். பயத்துல எனக்கு ஓட்டம் நல்லா வரும்."

"உக்காரு," என்று சொல்லிவிட்டு அவர் மில் பக்கத்து வேலியைத் தாண்டிப் போயே போய்விட்டார்.

தனகோட்டி உட்கார்ந்தான். ஈரம் வேட்டியில் ஏறியது. கீழே ஒரு மனுஷன் மூச்சு விடுகிறான், அந்த மூச்சின் மேல் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே உடம்பைக் கூசவைத்தது. காற்றாவது போகட்டும் என்று கொஞ்சம் நகர்ந்துகொண்டான். எதிரே ராஜகிரி மலை வெயிலில் மொட்டையாக நின்றது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. பாண்டுரங்கன் மத்தியானத் தூக்கம் கலைந்து வந்துகொண்டிருந்தார். நெற்றியில் புதுத் திருநீறு, தோளில் பட்டுத் துண்டு. பின்னால் தோட்டக்காரன் பொன்னுசாமி, கேட்டுக்குப் பாதி உயரம் இருப்பான்.

"இன்னாப்பா, புல்லுல உக்காந்து தியானமா? உங்க ஐயா எங்க?"

"வெளிக்குப் போயிருக்காரு முதலாளி."

பாண்டுரங்கன் பொன்னுசாமிக்குக் கேட்காதபடி குனிந்தார். "ஏதாவது துப்பு கிடைச்சுதா?"

"எங்க முதலாளி... இந்த வீட்டுல எறும்புகூடத் துப்புக் குடுக்க மாட்டேங்குது."

பாண்டுரங்கனின் பார்வை தரைக்கு இறங்கியது. "ஈரமா இருக்குதே. நேத்துதான அடைச்ச? மோட்டாரே ஓடலை. தண்ணி எப்படி வந்துது?"

கீழே இருப்பவனின் உயிர் இப்போது தன் வாயில் இருக்கிறது என்று தனகோட்டிக்குத் தெரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"நான்தான் முதலாளி மோட்டாரைப் போட்டேன். மூட்டு நிக்குதான்னு பாக்கணும்னு ஒரு ஆசை. மாலையை எடுத்துட்டுப் போட்டுப் பாத்துட்டுத் திரும்ப மாட்டிட்டேன்."

பளார் என்று விழுந்த அறையில் காது ரீங்காரமிட்டது. "பூஜையில வெச்ச மோட்டாரைத் தொட்டியாடா? இன்னிக்கா? என் வீட்டுலயா?" அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே உடம்பு பதறிற்று. தம்பியின் மண்டையில் அடித்த கைக்கு மோட்டாரின் மாலை புனிதமாக இருந்தது. அறை வாங்கிய தனகோட்டிக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது, நம்பிவிட்டார் என்று.

ஆனால் அவர் மண்டிக்காரர். சாக்கைக் குத்திப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். "பொன்னுசாமி, போய் மோட்டாரைப் பாத்துட்டு வா," என்றார்.

பொன்னுசாமி போய்விட்டு வந்தான். "எவனும் தொடலைங்க முதலாளி. மாலையும் கலையலை, சந்தனமும் காஞ்சு வெடிச்சுக் கெடக்குது."

பாண்டுரங்கன் ஈரத்தைப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த அரைச் செங்கலைப் பார்த்தார். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் தனகோட்டியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, கீழே யாரோ இருமினார்கள்.

தனகோட்டி தானும் இருமினான். பெரிதாக, கண்ணில் தண்ணீர் வர இருமினான். பிரயோஜனமில்லை. பாண்டுரங்கனின் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது, பிறகு அது மெல்ல அடங்கி, சாந்தமாயிற்று. அந்தச் சாந்தத்தைப் பார்த்துத்தான் தனகோட்டிக்கு உயிரே போயிற்று.

"பொன்னுசாமி," என்றார் அவர், காப்பி கேட்கிற குரலில். "ரிப்பேர் சரியில்லை. ரெண்டு கூடை மண்ணு கொண்டா. நல்லா மூடிடுவோம்."

பொன்னுசாமி கூடையும் மண்ணுமாக வந்து நின்றான். பாண்டுரங்கன் கடப்பாரையை எடுத்து வந்தார். பூஜையில் வைத்த கடப்பாரை. பூ கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"எழுந்திரு."

"மாட்டேன் முதலாளி."

"எழுந்திருடா."

"காலு மரத்துப் போச்சு முதலாளி. இடுப்புக்குக் கீழ எதுவும் இல்லை." அது பொய்யும் இல்லை. "என்னைப் பொதைச்சுட்டுத்தான் இதைப் பொதைக்கணும்."

கடப்பாரை உயர்ந்தது. தனகோட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆத்தாவை நினைத்தான். பொன்னுசாமியின் குரல்தான் கேட்டது. "முதலாளி... கீழ இருமினது யாரு? சின்ன முதலாளியா?"

பதிலுக்குப் பதில் மில் பக்கத்திலிருந்து பெரிய கூச்சல் கிளம்பிற்று. ஆயுத பூஜைப் பொரிக்கும் புது வேட்டிக்கும் காத்திருந்த மில் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வெங்கடரமணன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"சின்ன முதலாளி கிடைச்சுட்டாரு! முதலாளி, உங்க தம்பி கிடைச்சுட்டாரு! நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கச் சொன்ன தம்பி, நிலவறைக்குள்ள உயிரோட இருக்காரு!"

கடப்பாரை பாண்டுரங்கனின் கையிலிருந்து நழுவியது. அத்தனை ஜனமும் அவர் முகத்தையே பார்த்தது. சந்தோஷப்பட்டே ஆக வேண்டியிருந்தது. பட்டார். மார்பில் அடித்துக்கொண்டு, "தம்பி! எங்கடா போயிட்ட!" என்று அழுதார். இவ்வளவு மோசமான அழுகையைத் தெருக்கூத்தில்கூடப் பார்த்ததில்லை என்று தனகோட்டி நினைத்தான். ஆனால் இன்னும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

லாயத்து மூட்டைகளை ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி அப்புறப்படுத்தினார்கள். நிலவறையிலிருந்து கோவிந்தராஜைப் போர்வையில் வைத்துத் தூக்கிவந்து புல்தரையில் கிடத்தினார்கள். தலையில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. உதடுகள் வெடித்திருந்தன. நீலாவதி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்கூட இல்லாமல் அழுதாள். இது வேறு அழுகை.

"தண்ணி கொண்டா! தம்பிக்குத் தண்ணி கொண்டா!" என்று ஆர்ப்பாட்டம் பண்ணினார் பாண்டுரங்கன். தானே உள்ளே ஓடி வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்க மண்டியிட்டு, தம்பியின் வாயருகே நீட்டினார்.

கோவிந்தராஜ் அந்த டம்ளரைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். ஒரு வாரமாகச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக் கிடந்தவன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"உங்க கையால வேணாம் அண்ணே."

குரல் பெரிதாக இல்லை. ஆனால் கூட்டத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. எண்ணெய்ச் செக்கில் வேலை செய்யும் ரஞ்சிதம் முன்னால் வந்து, தன் அலுமினியத் தூக்கிலிருந்த தண்ணீரை அவன் வாயில் ஊற்றினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். குடித்து முடிக்கும் வரை ஒருத்தரும் அசையவில்லை. பிறகு பாண்டுரங்கனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவரைச் சுற்றிப் புல் காலியாயிற்று.

பொன்னுசாமி மண் கூடையைக் கீழே வைத்தான். யாரும் சொல்லாமலே நடந்து போய், பெரிய கேட்டைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டினான். சாவியைக் கொண்டுவந்து சின்ன முதலாளியின் கையில் வைத்தான்.